குளிர்கிடங்கில் தேறாத நாடு

அன்பும் மதிப்பும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நாங்கள் நலம். அங்கு தங்கள் நலமும் பிள்ளைகள் நலமும் அறிய ஆவல் என்று எழுதுவதே முறை. ஆனால் இந்த வாரம் எனக்கு ஆவலைவிடக் கோபமே மிகுந்திருக்கிறது. கோபம் என்பது சற்று அதிகமான சொல்லோ என்றும் தோன்றுகிறது. மனத்தாங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம், தங்கியிருந்து படிக்கத் தங்கள் நாடே சிறந்தது என்று என் பேத்திக்குத் தாங்கள் எழுதிய நீண்ட கடிதம்.

பாலம் கட்டும் படிப்புக்கு அவளுக்கு இரண்டு நாடுகளில் இடம் கிடைத்திருப்பது தாங்கள் அறிந்ததே. ஒன்று தங்கள் குளிர் நாடு. மற்றது எங்கள் பல் மருத்துவரின் மகன் இருக்கும் வெயில் நாடு. வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சம்மதம் தெரிவித்தாக வேண்டும். மருமகள் காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றும் சொல்ல, பேத்தி வாயே திறக்காமல் இருக்க, நடுவில் அகப்பட்ட என் மகன், "அப்பா பாத்து முடிவு சொல்லட்டும்" என்று என் தலையில் இறக்கிவைத்துவிட்டு வேலை விஷயமாக வெளியூர் போய்விட்டான். நானோ எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவன். நேரில் சோதிக்காமல் ஓர் எடைக்கல்லுக்குக்கூட முத்திரை வைத்ததில்லை. ஒரு நாட்டுக்கு மட்டும் எப்படி வைப்பது?

தங்கள் முதல் காரணம், குளிர் உடம்புக்கு நல்லது, வந்த சில நாளில் பழகிவிடும் என்பது. சரி, பார்த்துவிடலாம் என்று ஸ்வெட்டரின் மேல் ஸ்வெட்டர் போட்டு, அதன்மேல் தங்கள் அக்காவின் சால்வையைச் சுற்றிக்கொண்டு, கையில் வெப்பமானியுடன், மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் பழக் குளிர்கிடங்குக்குப் போனேன். கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும், வேறொன்றுமில்லை என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், வெப்பமானியைப் பார்த்தார், ஆப்பிள் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார். நான் ஓய்வு பெற்றதை அந்த மார்க்கெட்டில் இன்னும் ஒருவரும் நம்பவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மூக்குக்கண்ணாடி மங்கிப்போய் வெப்பமானியின் கோடு தெரியாமல், பற்கள் தந்தியடிக்கத் தொடங்கிய நேரத்தில் முதலாளியே மூச்சிரைக்க வந்து நின்றார். "ஐயா, பெரிய தராசுல கொஞ்சம் வித்தியாசம் இருக்கு, ஒத்துக்கறேன். அதுக்காக இப்படி உள்ளயே உக்காந்து உயிரை விடணுமா?" என்றார். நான் பேத்திக்காக வந்தவன் என்று சொல்ல வாயெடுத்தேன், தாடை ஒத்துழைக்கவில்லை. என் மௌனத்தைக் கண்டிப்பு என்று எடுத்துக்கொண்டு அவர் இரண்டாவது தராசையும் ஒப்புக்கொண்டார். மூன்றாவதற்கு வருவதற்குள் நான் தும்மிவிட்டதால் தப்பித்தார். இத்தனைக்கும் அது ஆப்பிள் கெடாமல் இருப்பதற்கான குளிர்தானாம். தாங்கள் எழுதியிருக்கும் குளிரில் வைத்தால் ஆப்பிளே உறைந்து வீணாகிவிடும் என்று மேற்பார்வையாளர் என்னை வெயிலில் நிறுத்திவைத்து விளக்கினார். ஆப்பிள் தாங்காததை என் பேத்தி தாங்குவாளா?

இரண்டாவது காரணம், அங்கே யாரும் யார் விஷயத்திலும் தலையிட மாட்டார்கள் என்பது. இதையும் சோதித்தேன். நாளை ஒருநாள் நான் வெளிநாட்டு மாணவன்போல் மாடி அறையில் தனியாக இருக்கப்போகிறேன், என்னிடம் யாரும் பேச வேண்டாம் என்று அறிவித்தேன். இல்லற வாழ்வில் இதுவரை நான் காணாத வேகத்தில் தங்கள் அக்கா சம்மதித்தார். காலையில் என் துணியை நானே துவைத்தேன், வாளி சாய்ந்து தண்ணீர் படிக்கட்டு வழியாக இறங்கிப்போயிற்று, ஒருவரும் தலையிடவில்லை. மதியம் சாப்பாட்டு வாசனை மேலே வந்தது, சாப்பாடு வரவில்லை. படிக்கட்டின் உச்சியில் நின்று இருமினேன். வானொலியின் சத்தம்தான் கூடிற்று. அப்போது என்னைத் தேடி வந்த எதிர்வீட்டுக்காரரிடம் தங்கள் அக்கா சொன்னது என் காதிலேயே விழுந்தது: "அவர் வெளிநாட்டுல இருக்கார். சாயங்காலம் வந்துடுவார்." முதல் வாக்கியத்தை மட்டும் எதிர்வீட்டுக்காரர் தெரு முழுவதும் கொண்டு சேர்த்துவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதாக மருந்துக் கடைக்காரருக்கு இன்னும் என்மேல் வருத்தம்.

வெயில் நாட்டையும் நான் விட்டுவைக்கவில்லை. விசாரிக்கப் போன இடத்தில் பல் மருத்துவர் என்னை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, கருவியை உள்ளே விட்டுக்கொண்டுதான் அந்த நாட்டின் பெருமைகளைச் சொன்னார். குறுக்குக் கேள்வி கேட்க வழியில்லை. இத்தனையும் கேட்டு, ஒரு பல்லையும் கொடுத்துவிட்டு வந்தபின் யோசித்தால், குளிர் என்ற இடத்தில் வெயில் என்று மாற்றியதைத் தவிர எல்லாம் தாங்கள் எழுதிய அதே காரணங்கள்.

ஆக இரண்டு நாடும் தேறவில்லை. நேற்று மாலை, கிடங்கில் பிடித்த சளிக்கு வெந்நீர் கொண்டுவந்த பேத்தி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "தாத்தா, எந்த நாடு வந்தாலும் உங்ககிட்ட ஃபெயில்தான். நான் போகக்கூடாதுன்னா நேராவே சொல்லிடுங்க. நான் போகல" என்றாள். போகாதே என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. போய் வா என்று சொல்லவும் இல்லை. தும்மல் வருவதுபோல் பாவனை செய்தேன்.

எனவே தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாட்டைத் தேர்ந்தெடுக்கக் கூடாத காரணங்களையும் அவளுக்குத் தாங்களே ஒரு கடிதமாக எழுதிவிடுங்கள். எழுதச் சொன்னது நான் என்று தெரிய வேண்டாம். வெயில் நாட்டைப் பல் மருத்துவரைக் கொண்டு நான் பார்த்துக்கொள்கிறேன். இன்னும் பற்கள் இருக்கின்றன. தபால் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேராது என்பதால் இதைப் படமெடுத்துத் தங்கள் கைபேசிக்கு அனுப்ப ஏற்பாடு செய்கிறேன்.

மனத்தாங்கல் ஒருபுறம் இருந்தாலும் ஆசியில் அளவு குறைத்துப் பழக்கமில்லை. தாங்களும் தங்கள் துணைவியாரும் பிள்ளைகளும் நோய்நொடியின்றி நீடு வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் அக்காள் கணவன்

பின்குறிப்பு: இந்த வீட்டில் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பத் தெரிந்தவள் பேத்தி ஒருத்திதான் என்பது எழுதி முடித்த பிறகே நினைவுக்கு வந்தது. படிக்காமல் எடு என்று சொல்லிக் கொடுத்தேன். படித்தாள். கிடங்கு வரும் இடத்தில் சிரித்தாள். கடைசிப் பகுதியில் சிரிக்கவில்லை. கடிதத்தை என் கையில் திருப்பிக் கொடுத்து, "நான் மாமாத் தாத்தா நாட்டுக்கே போறேன். எனக்கு ஏதாவது ஒண்ணுன்னா உரிமையா திட்டி எழுத உங்களுக்கு அங்க ஒரு ஆள் இருக்கார். வெயில் நாட்டுல யாரைத் திட்டுவீங்க?" என்றாள். பல் மருத்துவரின் மகனை எண்ணிப் பார்த்தேன். முன்பின் தெரியாத பையனை எப்படித் திட்டுவது? தாங்கள் எழுதிய காரணங்களில் இது இல்லை. ஆனால் சோதிக்காமலே முத்திரை வைக்கத் தகுந்தது இது ஒன்றுதான். போய் வா என்று சொல்லிவிட்டேன். சம்மதத்தை என் எதிரிலேயே அனுப்பிவிட்டாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். அவள் வந்து இறங்கும் நாளன்று விமான நிலையத்துக்கு வழக்கம்போல் தாமதமாகப் போய் நிற்காதீர்கள். பிள்ளை குளிரில் காத்திருக்கும். தங்களுக்குப் பொறுப்பு என்று ஒன்று எப்போதுதான் வரப்போகிறதோ. இப்போதே திட்ட ஆரம்பித்துவிட்டேனோ என்று ஐயமாக இருக்கிறது.