உள்ளங்கையில் எட்டு

“எட்டு” என்றார் சந்திரகுமார்.

கிளறன்ஸ் அங்கிள் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

“அங்கிள், இருங்கோ! எங்க போறீங்கள்?”

“எட்டு எண்டு சொல்லிப்போட்டு இருக்கச் சொல்றீரோ தம்பி? திங்கட்கிழமை எனக்குக் கனடா விசா இன்டர்வியூ. சனியன்ட நம்பரைக் கையில வச்சுக்கொண்டு நான் என்னெண்டு அங்க போய் நிக்கிறது?”

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற மனிதர்தான். ஆனால் எட்டென்றால் அவருக்கும் சனிதான். கொட்டாஞ்சேனையில் அந்த விஷயத்தில் மதபேதம் கிடையாது.

சந்திரகுமார் கையிலிருந்த லைட் மீட்டரை ஒருமுறையும் வானத்தை ஒருமுறையும் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளார்க். மற்ற நேரமெல்லாம் பிலிம் கமெராவில் கறுப்பு வெள்ளைப் படம் பிடிக்கிறவர். போட்டோ சங்கத்தின் கண்காட்சிக்கு மூன்று வருடமாக அனுப்புகிறார், மூன்று வருடமாகத் திரும்பி வருகிறது. இந்த வருடம் நாளையோடு கடைசி. கையில் இருப்பதும் கடைசி ரோல். மேல்மாடியில் இருந்த கிளறன்ஸ் அங்கிளோ, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி வெயிலில் வரிவரியாக உழுதெடுத்த முகத்துக்காரர். அந்த முகம் மட்டும் படத்தில் விழுந்தால் இந்தத் தடவை யாரும் திருப்பி அனுப்ப ஏலாது.

சிக்கல் என்னவென்றால், அங்கிளின் முகம் நல்ல கறுப்பு, சட்டை தும்பைப்பூ வெள்ளை. சட்டையின் வெளிச்சத்தை அளந்தால் முகம் கரியாகும். முகத்தை அளந்தால் சட்டை சுண்ணாம்பாகும். அதற்குத்தான் உள்ளங்கை. முகம் ஆளுக்கு ஆள் வேறு, உள்ளங்கை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே வெளுப்பு. அதை அளந்து, லென்ஸை ஒரு படி கூடத் திறந்தால் எல்லாம் சரியாக வரும். இது சந்திரகுமார் புத்தகத்தில் படித்தது.

அந்தத் தொடர்மாடிக்காரர் படித்தது வேறு. போன மாதம் சந்திரகுமார் பழகிப் பார்ப்பதற்காகக் கீழ்வீட்டுச் சுதர்சினியின் உள்ளங்கையில் மீட்டரைப் பிடித்து “பதினாறு” என்றார். கலியாணமாகி எத்தனையோ வருடம் பிள்ளையில்லாதிருந்தவள், இந்த மாதம் வாயும் வயிறுமாக நிற்கிறாள். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு! முன்வீட்டுச் சிவபாதசுந்தரத்தாருக்கு “எட்டு” என்றார். அன்று பின்னேரமே அவர் படியில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டார். சுதர்சினியின் படம் கரிக்கட்டையாகவும் சிவபாதசுந்தரத்தாரின் படம் கோதுமை மாவாகவும் வந்ததை ஒருத்தரும் கவனிக்கவில்லை. சந்திரகுமாரே அதற்குப் பிலிம் கழுவிய மருந்தைத்தான் குற்றம் சொன்னார்.

“அங்கிள், இது வெளிச்சம் அளக்கிற சாமான். எட்டு எண்டது லென்ஸின்ர துவாரம்!”

“அப்ப சிவபாதசுந்தரத்தார்ட கை ஏன் முறிஞ்சது?”

“படியில வழுக்கினவர்!”

“ஏன் வழுக்கினவர்?”

சந்திரகுமார் மீட்டரைத் தன் பக்கம் திருப்பினார்.

“சரி, உங்கட கையை விடுங்கோ. என்ர கையை அளக்கிறன், ரெண்டும் ஒண்டுதான்” என்று தன் கையில் மீட்டரைப் பிடித்தார். முள் எட்டில் வந்து நின்றது.

“யேசுவே, இவருக்கும் எட்டு!” என்றார் வாசலில் நின்ற றொசானா அன்ரி, அங்கிளின் மனைவி. “எட்டுக்காரன் எட்டுக்காரனைப் படம் பிடிச்சா வீடு விளங்குமா?”

“கூட்டினாப் பதினாறு வருதே” என்றார் அங்கிள் ஒரு நப்பாசையில்.

“சனியனைக் கூட்டுறதா? பேசாம இருங்க!”

சந்திரகுமாருக்குத் தலை கொதித்தது. “வாங்கோ ரெண்டு பேரும்!” என்று படிக்கட்டின் கீழுள்ள இருட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். “இங்க வெளிச்சம் இல்லை. நம்பர் தன்பாட்டில இறங்கும், பாருங்கோ.”

தன் கையில் பிடித்தார். பதினாறு.

அங்கிளின் கையில் பிடித்தார். எட்டு.

வெளியே வெயிலுக்குப் போய்ப் பிடித்தார்கள். அங்கிளுக்கு எட்டு. கதவுக்குப் பின்னால் பிடித்தார்கள். எட்டு. எங்கே பிடித்தாலும் அந்த மனிதருக்கு எட்டுதான். றொசானா அன்ரி மூக்கைச் சிந்தத் தொடங்கினார். அதற்குள் செய்தி மாடி மாடியாகப் பரவி, படிக்கட்டடியில் ஆட்கள் உள்ளங்கையை விரித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

“என்ர மகளுக்கு ஒருக்காப் பிடியுங்கோ, சோதினை வருது.”

“எனக்கு அந்த இருட்டுக்குள்ள வச்சுப் பிடிச்சாக் காணும், அண்ணை.”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சந்திரகுமாரின் மனைவி துஷாந்தினி வந்தாள். “இருட்டுக்குள்ள பதினாறு காட்டுது உங்கட சாமான். உங்கட படமெல்லாம் ஏன் கரியாயும் மாவாயும் வருது எண்டு இப்பவாவது விளங்குதா?”

சந்திரகுமாருக்கு விளங்கியது. வாசலில் நின்ற ஆட்டோக்காரன் சங்கிலியின் த்ரீவீலில் ஏறிப் புறக்கோட்டைக்குப் பறந்தார்.

கமெரா திருத்துகிற இப்திகார், சங்கிலியும் கூட நிற்க, மீட்டரைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “இது மௌத்தாகி வருஷக்கணக்கா ஈக்கும் சேர். முள்ளு சும்மா தன்பாட்டுக்கு ஆடுது. வெளிச்சத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. போன்ல ஒரு ஆப் போட்டு அளங்க.”

மூன்று வருட நிராகரிப்பும் சந்திரகுமாரின் கண்முன்னே வந்து போனது. அழுகை வந்தது. அடுத்த நிமிடம் சிரிப்பு வந்தது.

“சங்கிலி! கேட்டனீர்தானே? அங்க வந்து எல்லாருக்கும் உம்மட வாயால சொல்லும்.”

திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்து, மேல்மாடி நடையில் வெளிச்சம் பழுத்துக் கிடந்தது. இதைவிட நல்ல வெளிச்சம் இனிக் கிடைக்காது.

சங்கிலி எல்லார் முன்னிலையிலும் சொன்னான். “பாய் தொறந்து பாத்துட்டாருங்க. வெளிச்சத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையாம். செத்துப் போச்சாம்.”

வரிசை முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது. கிளறன்ஸ் அங்கிளின் முகத்தில் உயிர் வந்தது. “அப்ப என்ட எட்டு?”

“எட்டுமில்லை, ஒண்டுமில்லை அங்கிள். பழுதாப்போன முள்ளு.”

“மாதாவே!” என்று கும்பிட்டு அங்கிள் கதிரையில் உட்கார்ந்தார். றொசானா அன்ரி அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். சந்திரகுமார் வாழ்க்கையில் முதன்முறையாகப் போன் ஆப்பில் வெளிச்சத்தை அளந்து, லென்ஸைத் திருப்பி, கண்ணை வைத்தார். அந்த முகத்தின் ஒவ்வொரு வரியும் தெளிவாகத் தெரிந்தது. கறுப்பு கறுப்பாக, வெள்ளை வெள்ளையாக. அங்கிள் தாடையை உயர்த்தினார். சந்திரகுமார் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானில் விரலை வைத்தார்.

சங்கிலி தலையைச் சொறிந்தான்.

“ஒரு சந்தேகம் சேர். வெளிச்சத்தப் பாக்கலன்னா, இத்தன நாளா அந்த முள்ளு நம்ம கையத்தானே பாத்திருக்கு?”