தொண்ணூறு லிட்டர் கடலும் ஒரு விளக்கக் கோரிக்கையும்

ஞாயிற்றுக்கிழமை,
மதியச் சாப்பாட்டுக்குப் பின்

மதிப்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுகமாகத்தான் இருப்பீர்கள். கடல் உங்கள் வீட்டில் இல்லையே, என் வீட்டில்தானே இருக்கிறது. இங்கே நாங்களும் அவ்வாறே என்று அடுத்த வரியில் எழுத வேண்டும். கை வரவில்லை. அந்த வரிக்கு இடம் விட்டிருக்கிறேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மாப்பிள்ளையிடம் மாமனார் கோபப்படக் கூடாது என்பது எனக்குத் தெரியும். எனவே இதைக் கோபம் என்று நினைக்க வேண்டாம். முப்பத்தாறு வருடம் பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பராக இருந்தவன் நான். ஒரு வண்டி ஏழு நிமிடம் தாமதமாக வந்தால்கூட ஓட்டுநரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்பேன். அதே முறையில் உங்களிடமும் விளக்கம் கேட்கிறேன், அவ்வளவுதான்.

போன தடவை வந்திருந்தபோது, டாக்டர் என் ரத்த அழுத்தத்தைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "மாமா, சின்னதா ஒரு கடல் தொட்டி வெச்சுக்குங்க. ரெண்டு மீனு, கொஞ்சம் பவளம், அவ்வளவுதான். பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா மனசு தானா அடங்கிடும்" என்றீர்கள். சொன்னதோடு விட்டீர்களா? மறுநாளே இரண்டடி நீளத்தில், தொண்ணூறு லிட்டர் பிடிக்கும் ஒரு கண்ணாடித் தொட்டியை வாங்கிவந்து கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு, மீதிச் சாமான்களை ஒரு காகிதத்தில் எழுதி என் கையில் கொடுத்துவிட்டு, மாலை வண்டிக்கு ஊருக்குப் போய்விட்டீர்கள். தாங்கி, விளக்கு, ஹீட்டர், அலை பம்ப், உப்பு, உப்பை அளக்கும் கருவி, மணல், கல். மீன் கடைசியில்தான். 'சின்னதா' என்ற சொல்லுக்கு முதல் விளக்கம் தேவை.

தொட்டியை எங்கே வைப்பது? வெயில் படும் சுவர் ஆகாது, பாசி பிடிக்கும் என்று உங்கள் காகிதத்திலேயே இருக்கிறது. டி.வி. பக்கம் பிளக் இல்லை. மிச்சமிருந்தது உங்கள் அத்தையின் தையல் மிஷின் நின்ற இடம். இருபத்திரண்டு வருடமாக அவள் உட்கார்ந்து தைக்கிற இடம். கேட்டேன். "எடுத்துக்குங்க" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த 'எடுத்துக்குங்க' எப்படிப்பட்டது என்பது, கல்யாணமாகி மூன்று வருடமான உங்களுக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும்.

தாங்கி செய்யத் தச்சரைக் கூப்பிட்டேன். தண்ணீர், கல், மணல் எல்லாம் சேர்த்து இரண்டு ஆள் கனம் தாங்க வேண்டும் என்றதும், "மேல யாராச்சும் ஏறி ஆடப் போறாங்களா சார்?" என்று கேட்டார். பொறுத்துக்கொண்டேன். செய்து கொண்டுவந்து வைத்து, மேலே ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் குமிழி ஒரு பக்கமாகப் போய் ஒட்டிக்கொண்டது. தாங்கியைத் திருப்பி வைத்தார். குமிழி அப்போதும் அதே பக்கம். தச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "தாங்கி சரியாத்தான் இருக்கு சார். உங்க வீடுதான் சாஞ்சிருக்கு" என்றார். மாப்பிள்ளை, நிம்மதியாகச் சாய்ந்துகொண்டிருந்த ஒரு வீட்டில் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்தவன் நான். இப்போது படுத்தால் உருண்டுவிடுவேனோ என்று இருக்கிறது. இதில் உங்கள் அத்தை இரண்டு நாள் மௌனத்தைக் கலைத்து, "கழுவி விட்டா தண்ணியெல்லாம் அந்த மூலைக்கே ஓடுதுன்னு நான் எத்தனை வருஷமா சொல்றேன்? தொட்டி வந்து சொன்னாத்தான் நம்புவீங்க" என்றாள்.

அந்த மூலைக்கே வருகிறேன். ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்க, முதலில் வெறும் தண்ணீர் நிரப்பச் சொல்லியிருந்தீர்கள். ரப்பர் குழாயைத் தொட்டியில் போட்டுவிட்டு நின்றேன். பாதி நிறைந்திருக்கும்போது போன் அடித்தது. யார் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள்தான். "எப்படிப் போகுது மாமா?" என்று ஆரம்பித்து, பவளம் எப்படிச் சாப்பிடும், எப்படித் தூங்கும் என்று இருபது நிமிடம் பேசினீர்கள். மாப்பிள்ளை பேசும்போது இடையில் வைத்துவிடுவது மரியாதை இல்லை என்று நானும் உள்ளறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தொட்டி நிறைந்து, வழிந்து, தண்ணீர் சாய்ந்த மூலைக்கு ஓடி, தளத்தின் வழியாகக் கீழ்வீட்டுப் பல் டாக்டரின் நாற்காலியில் வாயை அகலத் திறந்து படுத்திருந்த ஒரு மனிதரின் மூக்கில் சொட்டியிருக்கிறது.

டாக்டர் கையுறையோடு மேலே வந்தார். நல்ல மனிதர்தான், ஆனாலும் முகம் சரியில்லை. சமாதானப்படுத்த உட்கார வைத்து, டீ போடச் சொன்னேன். அடுக்களையில் இரண்டு வாளி இருந்தன. ஒன்றில் நல்ல தண்ணீர். இன்னொன்றில் தொட்டிக்காக முந்தின நாளே உப்பைக் கரைத்து வைத்திருந்தேன். இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். உங்கள் அத்தை எதில் மொண்டாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். மெதுவாகக் கோப்பையைக் கீழே வைத்தார். "உப்புத் தண்ணியில வாய் கொப்புளிக்கச் சொல்றது எங்க தொழில் சார். ஆனா நாங்க துப்பறதுக்கு ஒரு தொட்டி குடுப்போம்" என்றார். இன்றுவரை படியில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுகிறார்.

சரி, உப்பும் கரைந்தது, மணலும் போட்டாயிற்று, கல்லும் வந்தது. அது சாதாரணக் கல் இல்லையாம், உயிருள்ள கல்லாம். ஈரத்துணியில் சுற்றி, குழந்தையை ஏந்துவது மாதிரி ஏந்திக் கொடுத்தார் மீன் கடைக்காரர். எல்லாம் தயார் என்று, பணிமனையில் என்னோடு வேலை பார்த்த இரண்டு பேரை மீன் பார்க்க வரச் சொல்லிவிட்டு, மீன் வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர், "என்ன சார் அவசரம்? தொட்டி முதல்ல சைக்கிள் ஆகணும். ஆறு வாரம் ஆகும்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த சைக்கிள், யார் ஓட்டுவது? பிறகு பொறுமையாகச் சொன்னார்: கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் கல்லில் குடியேறி, அழுக்கைத் தின்று பழக வேண்டும், அதற்கு முன் மீனை விட்டால் செத்துப்போகும் என்று. ஆறு வாரம்! ஏழு நிமிடத்துக்கு விளக்கம் கேட்டவனிடம் ஆறு வாரம்! இதை உங்கள் காகிதத்தில் எழுத இடமில்லையா? வந்த இரண்டு பேரும் நாற்காலியை இழுத்துப்போட்டு, நீல விளக்கின் கீழ் ஒரு கல்லை அரை மணி நேரம் பார்த்தார்கள். அதில் ஒருவர், "கல்லு நல்லா இருக்குப்பா" என்றார். பாவம், வேறு என்னதான் சொல்வார்?

மூன்றாம் வாரம் கல், மணல், கண்ணாடி எல்லாம் காப்பிப்பொடி தூவினாற்போல் பழுப்பாகிவிட்டது. வரவேண்டியதுதான், தானே போகும் என்றார் கடைக்காரர். தண்ணீர் தினமும் ஒரு விரல் குறைந்தது. நான் பொறுப்பாக உப்புத் தண்ணீரையே ஊற்றி நிரப்பிவந்தேன். போய்ச் சொன்னால், கடையில் நாலு பேர் முன்னால், "ஆவியாப் போறது தண்ணிதான் சார், உப்பு எங்கயும் போகாது. நல்ல தண்ணி ஊத்தணும். ஊறுகாயா போடறீங்க?" என்று கேட்டார். அறுபது வயதில் இந்தப் பேச்சு எனக்குத் தேவையா?

வாரம் ஒருமுறை தண்ணீரைச் சோதிக்க வேண்டும். சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து, மருந்தை ஐந்து சொட்டு விட்டுக் குலுக்கி, வரும் நிறத்தை ஓர் அட்டையோடு ஒப்பிட வேண்டும். எனக்குப் பச்சை என்றால் பச்சை, மஞ்சள் என்றால் மஞ்சள். அந்த அட்டையில் இரண்டுக்கும் நடுவில் நாலு நிறம் இருக்கிறது. ஜன்னலோரம் நின்று தவித்துக்கொண்டிருந்தபோது உங்கள் அத்தை பின்னாலிருந்து எட்டிப்பார்த்து, "அது எலுமிச்சை மஞ்சளுங்க. ஒரு துளி பச்சை கூடக் கலக்கல. மூணாவது கட்டம்" என்றாள். ஆயிரம் ரவிக்கைக்கு நூல் பொருத்திய கண். அன்றிலிருந்து குப்பியைக் குலுக்குவது நான், தீர்ப்புச் சொல்வது அவள். என் தொட்டியில் எனக்கு உதவியாளர் பதவி.

ஏழாம் வாரம் கோமாளி மீன் இரண்டு வந்தன. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை, விரல் நீளம். கடைத் தண்ணீரிலிருந்து நம் தண்ணீருக்குப் பழக்க, சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் நானே உட்கார்ந்து விட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. இவ்வளவு செய்த என்னைக் கண்டால் இரண்டும் கல்லுக்குப் பின்னால் ஓடுகின்றன. உங்கள் அத்தை துணியை மடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாலே போதும், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வாலை ஆட்டுகின்றன. இது என்ன நியாயம்? ரத்த அழுத்தம் பார்க்கும் டாக்டரிடம் போனேன். அழுத்தம் முன்னைவிடக் கூடியிருக்கிறதாம். "வீட்டுல ஏதாவது டென்ஷனா?" என்று கேட்டார். "கடல்" என்றேன். வேறு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

இதையெல்லாம்கூட மன்னித்திருப்பேன் மாப்பிள்ளை. போன செவ்வாய்க்கிழமை நடந்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. மத்தியானம், உங்கள் அத்தை தைத்த துணியைக் கொடுக்கப் போயிருந்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். 'தப்' என்று ஒரு சத்தம். ஈரத்துணி விழுந்ததுபோல. நிமிர்ந்து பார்த்தால் தொட்டியில் ஒரு மீன்தான் இருக்கிறது. தரையில் தவழ்ந்து தேடினேன். துள்ளித் துள்ளி, செருப்பு விடுகிற இடம் வரைக்கும் போய்க் கிடந்தது. உடம்பெல்லாம் தூசி ஒட்டியிருந்தது. வலையைத் தேட நேரமில்லை. கையிலேயே அள்ளித் தண்ணீரில் விட்டேன். நீந்தவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து கீழே இறங்கியது. பம்ப் அதைக் குப்பையைப்போல் ஒரு மூலைக்குத் தள்ளியது. பம்பை நிறுத்திவிட்டு, சட்டையோடு தோள்வரை கையை உள்ளே விட்டு, உள்ளங்கையில் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன சொன்னேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. "மூச்சு விடுடா, விடுடா ராஜா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், நான்கு நிமிடம். வாழ்க்கையில் எவ்வளவோ வண்டிகளுக்குக் காத்திருக்கிறேன், நான்கு நிமிடம் இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.

அந்த நேரத்தில் உங்கள் அத்தை உள்ளே வந்தாள். சட்டை நனைந்ததற்குத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டுத் தொட்டி முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். "கையை அசைக்காதீங்க... செவுள் ஆடுது... இதோ ஆடுதுங்க" என்றாள். ஆடியது. பிறகு ஒரு வெட்டு வெட்டி, என் விரலிடுக்கில் நழுவிக் கல்லுக்குப் பின்னால் ஓடிவிட்டது. வழக்கம்போல, என்னைக் கண்டு.

பிறகு அவள் எழுந்துபோய், மிச்சமிருந்த வலைத்துணியை வெட்டி, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்துத் தைத்து, கால் மணி நேரத்தில் தொட்டிக்கு ஒரு மூடி போட்டுவிட்டாள். கச்சிதமாகப் பொருந்தியது. இந்த மீன் துள்ளும் ஜாதி என்பதும், தொட்டிக்கு மூடி வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியாதா? அவ்வளவு நீளக் காகிதத்தில் 'மூடி' என்று ஒரு சொல், இரண்டே எழுத்து, எழுதியிருக்கக் கூடாதா? இதற்கு மட்டும் தனியாக, கையெழுத்திட்ட விளக்கம் வேண்டும்.

ஆகவே அறிவிப்பது: அடுத்த மாதம் முதல் ஞாயிறு, காலை பத்து மணிக்கு நீங்கள் வண்டியோடு வந்து, தொட்டி, தாங்கி, விளக்கு, பம்ப், உயிருள்ள கல், உயிர் போகப் பார்த்த மீன் அனைத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும். பத்து என்றால் பத்து. இதில் மாற்றமில்லை. என் வயதில் எனக்கு வேண்டியது சுவர், நாற்காலி, பேப்பர். சுவரும் நாற்காலியும் பேப்பரும் தரையில் துள்ளி விழுவதில்லை.

மற்றபடி உங்கள்மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் கிடையாது. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், குழாயில் மட்டும் தண்ணீர் வரும் வீட்டில், மேல்மாடியிலிருந்து ஒரு சொட்டும் விழாமல், நீண்ட காலம் வாழ மனதார ஆசீர்வதிக்கிறேன். மகளிடம் நான் விசாரித்ததாகச் சொல்லவும்; இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
விளக்கத்தை எதிர்நோக்கும்
உங்கள் மாமனார்

பி.கு.: மாப்பிள்ளை, இது அத்தை எழுதறேன். தபால்ல போடச் சொல்லி மாமா குடுத்தாரு. ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். தயவுசெஞ்சு வண்டி எதுவும் கொண்டுவந்துடாதீங்க. நேத்து சட்டையைத் துவைக்கப் போட எடுத்தா, பையில ஒரு காகிதம். நாலடி நீளத்துக்கு ஒரு பெரிய தொட்டி, அவர் கையால வரைஞ்சு, ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டிருக்காரு. அடியில பவளத்தோட பேரா பதினோரு பேரு, எது என்ன நிறம், எந்த வாரம் வரணும்னு பஸ் டைம் மாதிரி எழுதியிருக்காரு. என்னங்க இதுன்னு கேட்டதுக்கு, உன் துணி வைக்க அலமாரி செய்யப் போறேன்னு சொன்னாரு. துணி அலமாரிக்கு எதுக்கு மாப்பிள்ளை பம்ப் ஒயர் போக ஓட்டை? நான் ஒண்ணும் கேட்டுக்கல, நம்பின மாதிரியே இருந்துட்டேன். ஆனா அந்தப் பதினொண்ணுல எல்லாமே பச்சையும் பழுப்புமாத்தான் இருக்கு, அவருக்கு நிறமே தெரியல. நீங்க வரும்போது நல்ல கத்திரிப்பூ நிறத்துல ஒரு பவளம் பாத்து எடுத்துட்டு வாங்க. நான் சொன்னதா மட்டும் சொல்லிடாதீங்க.