பதினேழு பக்க விளக்கமும் பாறசாலை லாக்கப்பும்

திருவிதாங்கூர் மண்ணில் கதவு என்றால் என்ன என்று முழுசாகத் தெரிந்துவைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் சும்மா திறந்து மூடிக்கொண்டிருந்தோம்.

அவர் பாறசாலையில் பத்திரம் எழுதிப் பிழைத்தவர். சொந்தப் பேர் அவர் மனைவிக்காவது தெரிந்திருக்கும். எங்களுக்கு அவர் ‘எண்ணுவச்சா’. எந்தச் சொல்லை எழுதினாலும், ‘என்றால்’ என்பதற்குப் பதில் எங்கள் பேச்சில் "எண்ணு வச்சா..." என்று அதற்கொரு விளக்கம் சேர்க்காமல் அவர் பேனா நகராது. மாடு விற்ற சீட்டு ஒன்றில் வால் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று அரைப் பக்கம் எழுதினார். வாங்க வந்தவர் பயந்துபோய் ஆடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இந்த லட்சணத்தில், மராமத்து இலாகா ஒப்பந்தம் ஒன்று அவர் கண்ணில் பட்டுத் தொலைத்தது. அதில் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் எழுத்தும் எண்ணுமாகக் குறி. குறிகளுக்குப் பொருள் தனித் தாளில். மனுஷன் சொக்கிப்போனார். பெருங்கடவிளையில் ஒரு கோழிக்கூடு கட்டுவதற்குக்கூடக் குறி போட்டு எழுதிக் கொடுத்தார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது, தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருஷம். தமிழ் பேசுகிறவன் கையில் தாள் இருந்தாலே போலீசுக்குச் சந்தேகம். பெண்ணின் அப்பாவோ, கொல்லயிலில் வீடு கட்ட ஆசாரியோடு எழுத்துப் போட்டால்தான் தாலி என்று சொல்லிவிட்டார். எண்ணுவச்சா எழுதிக் கொடுத்தார். ஒப்பந்தம் இரண்டு பக்கம், குறி விளக்கம் பதினேழு பக்கம். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆசாரியிடம் கையெழுத்து வாங்கக் கிளம்பிய நான், பதினேழு பக்கத்தையும் யார் சுமப்பது என்று வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். இன்ஸ்பெக்டர் என் தாளை வாங்கி வாசித்தார்: "தே-4 ஆறு எண்ணம் திங்கள் விடியுமுன் உதியன்குளங்கரையில் இறங்க வேண்டும். க-2 தாங்காவிட்டால் ஓ-1 விழும்."

"எந்தாடோ இது? ஆரு அந்த ஆறு பேரு? ஓ-1 எண்ணா மந்திரியா?"

"வீடு சார், வீடு!" என்று கதறினேன். லாக்கப்பில் தள்ளினார்கள். விடிந்தால் தாலி கட்ட வேண்டியவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பஸ்ஸில் கூட வந்த என் சித்தப்பா ஓடிப்போய்ச் சொல்ல, பதினேழு பக்கத்தையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எண்ணுவச்சா வந்து சேர்ந்தார்.

"பேடிக்காதே மக்கா, நான் உண்டும்" என்று எனக்குத் தைரியம் சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டர் எதிரே உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். "தே-4 எண்ணு வச்சா தேக்கு உத்தரம், நாலாம் அளவு. தேக்கு எண்ணு வச்சா, வெள்ளை நீக்கி வைரம் பாஞ்ச மரமாக்கும். வெள்ளை எண்ணு வச்சா..."

க-2 கூரையைத் தாங்கும் கழுக்கோல் என்பதும், அது தாங்காவிட்டால் விழப்போவது ஓடு என்பதும் இரண்டாம் பக்கத்திலேயே விளங்கிவிட்டது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. நாலாம் பக்கத்தில் ஏட்டு கொட்டாவி விட்டார். ஆறாம் பக்கத்தில் ஆணியின் கொண்டை வந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார்.

"மதி, மதி! போதும்! இவனைக் கொண்டு போவும்!"

"இனியும் பதினோரு பக்கம் உண்டும் சார். கதவு வரேல்ல."

"நான் கதவைத் தொறந்தே விடுதேன், போதுமா?"

என்னை வெளியே விட ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். எண்ணுவச்சா பேனாவைத் திறந்தார். ‘உறவு’ என்று கேட்டிருந்த இடத்தில் ‘நம்ம பையன்’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் விடவில்லை. "என்ன ஓய், ‘நம்ம’ எண்ணு வச்சா?"

"அதுக்கு என்னத்துக்கு சார் வெளக்கம்?" என்றார் அவர்.

லாக்கப்பில் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.