ஒச்சாண்டிக்குக் கொண்டுபோன கஞ்சி

"சனிக்கிழமையும் அதுவுமா வெள்ளைச் சட்டையப் போட்டுக்கிட்டு எங்கன கெளம்பிட்டீக?" என்று விஜி கேட்டதும், யோசிப்பதற்கு முன்பே முத்துராஜாவின் வாய் பதில் சொல்லிவிட்டது.

"தேனிக்கு. ஒரு சாவு."

"அய்யய்யோ, யாரு?"

கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவருக்கு அவசரத்தில் வேறு யார் ஞாபகம் வருவார்? பழம் வாங்கும் வியாபாரிதான் வந்தார். "நம்ம ஒச்சாண்டி."

"ஒச்சாண்டி அண்ணனா! இருங்க, சேலைய மாத்திட்டு நானும் வாரேன்."

"இல்ல, இல்ல. இன்னும் சாகல. சீரியஸாத்தான் இருக்காரு. ஆஸ்பத்திரியில."

"அப்படிச் சொல்லுங்க. வெறுங்கையோடயா போவாக?"

விஜி அடுப்படிக்குள் போய் சிவப்புப் பிளாஸ்க் நிறையக் கஞ்சியோடு வந்தாள். அஞ்சு வருசம் சனிக்கிழமை தவறாமல் அவள் குச்சனூர் கோயிலுக்குக் கொண்டுபோன பிளாஸ்க் அது. கைப்பிடி உடைந்தபோது கோயிலில் யாரோ பச்சைக் கயிற்றால் கட்டித் தந்தார்கள் என்று அப்போது சொல்லியிருந்தாள். வேண்டுதல் முடிந்துவிட்டதென்று போன வருசம்தான் போவதை நிறுத்தியிருந்தாள்.

அதோடு விடவில்லை. ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து, அதில் ஒட்டியிருந்த கம்பெனிக் காகிதத்தைச் சுரண்டிக் கிழித்தாள்.

"அத எதுக்குக் கிழிக்கிற?"

"ஆஸ்பத்திரியில உள்ள விடமாட்டாக. மகன் வாங்கித் தந்த வாட்சையும் கழட்டி வச்சுட்டுப் போங்க."

"வாட்சையுமா விடமாட்டாக?"

"களவு போயிரும்."

முத்துராஜா வாட்சைக் கழற்றி வைத்தார். சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருந்த ஹால் டிக்கெட் அவள் கண்ணில் படாமல் வெளியேறினால் போதும் என்றிருந்தது.

வாசலில் 'த. முத்துராஜா, பி.ஏ.' என்ற பித்தளைப் போர்டு பளபளத்தது. வெள்ளிக்கிழமைதோறும் விஜி அதைப் புளி போட்டு விளக்குவாள். விளக்கும்போதெல்லாம் அவருக்குக் கூசும். காலேஜை முதல் வருசத்தோடு விட்டவர் அவர். பெண் பார்க்கப் போன இடத்தில் தாய்மாமன் "மாப்பிள்ளை பி.ஏ." என்று அடித்துவிட, அவரும் தலையை ஆட்டிவிட்டார். அன்றிலிருந்து, "எங்க வீட்டுக்காரவுக பி.ஏ., அவுக எழுதித் தருவாக" என்று தெருவிலுள்ளவர்களின் மனுக்களை எல்லாம் விஜி அவரிடம் எழுதி வாங்கித் தருவாள்.

பொய்யை ஒத்துக்கொள்ளத் தைரியம் வரவில்லை. அதை உண்மையாக்கிவிடுவது என்று ஐம்பத்தோரு வயதில் தொலைதூரக் கல்வியில் சேர்ந்திருந்தார். இன்றுதான் முதல் பரீட்சை. விஜிக்குத் தெரிந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

பஸ் சின்னமனூரில் நின்றது. ஆஸ்பத்திரியில் சீரியஸாகக் கிடக்க வேண்டிய ஒச்சாண்டி, கடலை மென்றுகொண்டே ஏறி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"ஏலே முத்துராஜா! யாருக்குய்யா பிளாஸ்க்கு?"

"ஒனக்குத்தான்" என்றுவிட்டு முத்துராஜா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எனக்கா? எனக்கென்ன கேடு வந்துச்சு?"

அதற்குள் ஒச்சாண்டியின் செல் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு ஊருக்கே கேட்கப் பேசுவது அவர் பழக்கம்.

"அண்ணே, விஜி பேசுறேன். ஒடம்பு எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கேன், தங்கச்சி!"

"நல்லதுண்ணே. கஞ்சிய ஆறவிடாமக் குடுக்கச் சொல்லுங்க அவுகள."

முத்துராஜா வேர்வையைத் துடைத்தார். நல்லவேளை, விஜி வெள்ளந்தி. அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

தேனியில் ஒச்சாண்டியைக் கழற்றிவிட்டுப் போகலாம் என்று பார்த்தால், அவரும் அதே ஸ்டாப்பில் இறங்கி, அதே தெருவில் நடந்து, அதே காலேஜ் கேட்டுக்குள் நுழைந்தார்.

"நீ எங்கன வார?" என்றார் முத்துராஜா.

"பரீட்சைக்குய்யா. எம்.ஏ. வரலாறு. பி.காம். முன்னமே முடிச்சாச்சு. வெளிய சொல்லிக்கிடல. நீ?"

"நானும்... எம்.ஏ.தான்."

"பின்ன, போர்டு மாட்டுன பி.ஏ.வுக்கு வேற என்ன வேலை இங்கன? வா, எம்.ஏ. எல்லாம் மாடியில."

கேட்டில் பைகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் கோட்டைச்சாமி, பிளாஸ்க்கைப் பார்த்தார், முத்துராஜாவைப் பார்த்தார். "பத்திரமா இருக்கும் சார், போங்க" என்று சிரித்தார்.

மாடி ஹாலுக்குள் நுழைந்த முத்துராஜா அப்படியே நின்றுவிட்டார். உத்தமபாளையத்துக் கறிக்கடை உசேன் முதல் பெஞ்சில் இருந்தார். குமுளிக்கு ஜீப் ஓட்டும் ஏசுதாசன் ஜன்னலோரம் கண்ணை மூடி எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். போன வாரம்தான் தெருவிளக்குக்கு மனு எழுதி வாங்கிப்போன தையல்காரி லத்திபா, பேனாவை உதறிக்கொண்டிருந்தாள்.

"லத்திபா, நீயுமா? என்ன படிக்கிற?"

"எம்.ஏ. தமிழுண்ணே."

"அப்பறம் எதுக்கும்மா என்கிட்ட மனு எழுத வந்த?"

"நீங்க ஆசையா எழுதித் தருவீக, கெடுப்பானேன்னுதான்."

வெட்கப்பட வேண்டிய இடம்தான். ஆனால் முத்துராஜாவுக்கு வந்தது மலைப்பு. கறி வெட்டுகிற கையும், ஏலக்காய்க் காட்டுக்கு ஆளேற்றுகிற கையும், ஜாக்கெட் தைக்கிற கையும் சத்தம் காட்டாமல் இவ்வளவு படித்திருக்கின்றனவே! ஊருக்குள் நாம் ஒருவர்தான் பி.ஏ. என்றல்லவா இத்தனை காலம் மீசையை முறுக்கினோம்!

மேற்பார்வைக்கு வந்த மேடம் ஹால் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார்: "பி.ஏ. முதல் வருசம் மாடியில இல்ல சார். கீழ போங்க."

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒச்சாண்டியின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. முத்துராஜா படியிறங்கினார்.

கீழே கூட்டம் மாடியைவிட அதிகம். கைக்குழந்தையை வாசலில் அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஒரு பெண் ஓடி வந்தாள். அவருடைய தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் பாண்டீஸ்வரன் எழுந்து நின்று, "மொதலாளி, இங்கன எடமிருக்கு" என்று தள்ளி உட்கார்ந்தான். முத்துராஜா அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். கேள்வித்தாள் வந்ததும் குனிந்தவர், மணி அடிக்கும்வரை நிமிரவில்லை.

வெளியே ஒச்சாண்டி காத்திருந்தார்.

"பொய் எதுக்குடா சொன்ன? நானே பி.காம்.ல ரெண்டு தடவ கவுந்தவன்."

"விஜிகிட்ட மட்டும் சொல்லிராத, ஒச்சாண்டி. பி.ஏ.ன்னு நம்பித்தான் கழுத்த நீட்டுனா. தெரிஞ்சா என்னைய மனுசனாவே மதிக்கமாட்டா."

"சத்தியமாச் சொல்லமாட்டேன். மொதல்ல அந்தக் கஞ்சிய ஊத்து."

கோட்டைச்சாமி பிளாஸ்க்கை எடுத்து வந்தார். பச்சைக் கயிற்று முடிச்சை இழுத்துச் சரிபார்த்துவிட்டு முத்துராஜாவின் கையில் கொடுத்தார்.

"இந்தக் கயித்த நான்தான் சார் கட்டிக் குடுத்தேன். விஜியம்மா அஞ்சு வருசம் சனிக்கிழமை தவறாம வகுப்புக்கு வந்து பி.ஏ., எம்.ஏ. ரெண்டும் இங்கனதான எழுதுனாக. கடைசிப் பரீட்சையன்னைக்குச் சொல்லிட்டுப் போனாக, 'கலியாணத்துல சொன்ன பி.ஏ.வ எழுத எங்க வீட்டுக்காரவுக என்னைக்காச்சும் வருவாக, அது பொய்யின்னு எனக்குத் தெரியும்கிறத மட்டும் அவுககிட்டச் சொல்லிராதீக'ன்னு!"