ஆறுமணிக் குருவியும் ஆறு பச்சைக் காயும்

எனக்குப் பறவைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த ஒரு வரியைப் பெண் பார்க்கப் போன அன்றே சொல்லித் தொலைத்திருந்தால், ஒரு மார்கழி விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்குள் குப்புறக் கிடந்து, முதுகில் கம்பு அழுத்த, "நான் நல்ல குடும்பத்துப் பிள்ளைங்க" என்று மண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டி வந்திருக்காது.

அப்போது எழுபதுகளின் கடைசி. நான் போடிநாயக்கனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். வயது இருபத்தாறு. பெண்ணின் பெயர் பொன்னுத்தாய். அவள் அப்பா பெருமாள், மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். கலகலப்பாகப் பேசத் தெரியாதவர். கேள்வி கேட்டால் ஆஜர் எடுப்பது போல இருக்கும்.

"சீட்டு ஆடுவீகளா?"

"இல்லைங்க."

"தண்ணி?"

"ஐயையோ!"

"சினிமாவுக்குப் போவீகளோ?"

"எப்பவாச்சும்."

"அப்ப லீவு நாள்ல என்னதான் செய்வீக?"

உண்மையைச் சொன்னால், தூங்குவேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே கரண்டுக் கம்பியில் ஏதோ ஒரு குருவி உட்கார்ந்திருந்தது.

"குருவி பாப்பேங்க" என்றேன்.

உள் அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பொன்னுத்தாய்தான் மகிழ்ந்து சிரிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். (அந்த வயதில் எல்லாவற்றையும் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன்.)

ஆவணியில் கல்யாணம். கார்த்திகை பிறந்து மலையிலிருந்து பனிக்காற்று இறங்க ஆரம்பித்ததும் பொன்னுத்தாய் கேட்டாள். "என்னங்க, குருவி பாக்கப் போகலையா? பனிக்காலத்துலதானே வெளியூர்க் குருவியெல்லாம் வரும்?"

இந்தக் கேள்வியிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. எங்கள் டிரில் மாஸ்டரிடம் ஒரு பைனாகுலர் இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கினேன். அதில் இடது கண்ணுக்குப் பூஞ்சணம் பிடித்திருந்தது. வலது கண்ணில் பார்த்தால் உலகம் கொஞ்சம் சாய்ந்து தெரியும். அது போதும் என்று நினைத்தேன். பார்ப்பதற்கு எனக்குக் கண்ணா முக்கியம்? கழுத்தில் தொங்கினால் சரி.

முதல் ஞாயிற்றுக்கிழமை சிலமலைப் பக்கம் ஒரு கண்மாய்க்குப் போனோம். கரையோரம் மண் நிறத்தில் ஒரு பறவை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் போனதும் பறந்தது. பறந்தபோது முழு வெள்ளை!

"பாத்தியா? மண் கலர்ப் பறவை ஒளிஞ்சுக்கிருச்சு. இப்பப் பறந்தது வேற. அது சைபீரியக் கொக்கு" என்று விளக்கினேன்.

"மடையான்தாங்க" என்றாள் மெதுவாக.

அவள் சொன்னது பறவையையா என்னையா என்று எனக்குப் பிடிபடவில்லை. (மடையான் என்பது குளத்துக் கொக்கில் ஒரு வகை, உட்கார்ந்தால் மண் நிறம், பறந்தால் வெள்ளை என்பதெல்லாம் பிற்பாடு கற்றது.) கேட்காதது போல இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் முந்தல் அடிவாரத்து ஓடை. அங்கே வாலை ஆட்டிக்கொண்டே கல்லுக்குக் கல் தாவிய மஞ்சள் வயிற்றுக் குருவியைக் காட்டி, "இது மொகலாயர் படையோட தெக்க வந்த ஜாதி" என்றேன். சரித்திர வாத்தியாருக்கு வேறென்ன வரும்? அவள் "அப்படீங்களா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. குளிர் போலிருக்கிறது என்று என் துண்டைக் கொடுத்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் போல ஒன்று அதற்கு முன் என் வாழ்க்கையில் இல்லை. வீட்டில் அம்மா, இரண்டு தங்கைகள், சித்தப்பா குடும்பம். புதுப் பெண்டாட்டியிடம் "தண்ணி கொண்டா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச வழியில்லை. குருவி என்று சொன்னால் மட்டும் யாரும் கேள்வி கேட்காமல் அனுப்பினார்கள். தூக்குவாளியில் இட்லி, மேலே கொஞ்சம் துவையல். கண்மாய்க் கரையில் உட்கார்ந்து அவள் தன் பள்ளிக்கூடக் கதை சொல்வாள், நான் என் கதை சொல்வேன். நடுவில் ஏதாவது பறந்தால் பெயர் வைப்பேன். அவளும் தலையாட்டுவாள். அவள் தலையாட்டத் தலையாட்ட என் மனசு உறுத்த ஆரம்பித்தது. இவளுக்கு ஒரே ஒரு நிஜமான குருவியையாவது நிஜமான பெயரோடு காட்டிவிட வேண்டும் என்று ஆசை வந்தது.

பள்ளிக்கூட நூலகத்தில் ஒரு பழைய பறவைப் புத்தகம் கிடைத்தது. அதில் ஒரு பறவை: பச்சை முதுகு, சிவப்பு அடிவயிறு, பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வந்து புதருக்கடியில் சருகைக் கிளறித் திரியும், காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரண்டு சுரத்தில் சீட்டி அடிக்கும். ஆறுமணிக் குருவி என்று பெயர். இன்னொரு பெயரும் போட்டிருந்தது. இரண்டையும் மனப்பாடம் செய்தேன். அதுதான் வினையாயிற்று.

அரைப் பரீட்சை லீவுக்கு மாமனார் தோட்டத்துக்குப் புறப்பட்டோம். பத்துப் பேர் ஏறும் ஜீப்பில் இருபது பேர். வளைவுக்கு வளைவு யாராவது யார் மடியிலாவது விழுந்து, பொழுது சாய மேலே போய்ச் சேர்ந்தோம்.

மாமனார் சரியாகச் சாப்பிடவில்லை. மாமியார்தான் அடுப்படியில் பொன்னுத்தாயிடம் கிசுகிசுத்தார். பத்து நாளாகத் தோட்டத்தில் பச்சைக் காய் களவு போகிறது. முதலாளி வந்து பங்களாவில் தங்கியிருக்கிறார். கணக்குப்பிள்ளை ஜாடை பேசுகிறார். இருபது வருஷம் சோலி பார்த்த இடத்தில் மாமனாரை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

படுக்கப் போகும்போது மாமனார் என்னிடம், "மாப்ளே, காலையில வெளிய போறதுன்னா ஒரு சத்தம் கொடுத்துட்டுப் போங்க" என்றார்.

நான் கொடுக்கவில்லை. விடியற்காலையில் தூங்குகிறவர்களை எழுப்புவானேன் என்ற நல்ல எண்ணம்தான். முதலில் நான் போய்க் குருவி இருக்கும் இடத்தைப் பார்த்து வைத்துவிட்டு, பிறகு பொன்னுத்தாயைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதாகத் திட்டம். மாமனாரின் கறுப்புக் கம்பளியைப் போர்த்தி, குரங்குக் குல்லாவை மாட்டி, பைனாகுலரையும் புத்தகம் வைத்த துணிப்பையையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

ஏலச்செடியைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். செடி ஆளுயரத்துக்கு மேல் நிற்கும்; காய் மேலே காய்க்காது. தூருக்குப் பக்கத்தில், தரையோடு தரையாகப் படரும் சரத்தில் காய்க்கும். அதாவது, தூருக்கடியில் படுத்துக் கிடப்பவன் ஒன்று காய் எடுக்க வந்த வேலையாள், இல்லையென்றால் திருடன். மூன்றாவதாக ஒரு ஜாதி உண்டென்று அதுவரை அந்தத் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது.

நான் படுத்தேன். முகத்துக்கு நேரே பச்சைக் காய்கள். ஆறு காயைப் பறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். (ஏன் என்று இப்போது கேட்காதீர்கள். முதலாளி கேட்பார்.) அப்போது, சத்தியமாக, கொஞ்ச தூரத்தில் அந்தச் சீட்டி கேட்டது. இரண்டே சுரம். முழங்கையை ஊன்றி ஊர்ந்தேன். முதுகில் கம்பு விழுந்தது.

"அனங்காதே எடா!"

(அசையாதே என்று மலையாளத்தில் சொல்கிறார். அந்த நேரத்தில் எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.) ராக்காவல் முடித்து வந்துகொண்டிருந்த வாட்சர் பாப்பன். என் கல்யாணத்துக்கு வராதவர். அப்படியே வந்திருந்தாலும் அந்தக் குல்லாவுக்குள் என்னைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரிந்திருக்காது.

"நீ ஆரு? இங்கே எந்து எடுக்கான் வந்து?"

"எடுக்க வரலைங்க, பாக்க வந்தேன்."

"ஆரைப் பாக்க?"

பயத்தில் ஆறுமணிக் குருவி என்ற பெயர் மறந்துவிட்டது. புத்தகத்தில் இருந்த மற்றப் பெயர்தான் வாயில் வந்தது.

"தோட்டக்கள்ளனை."

பாப்பன் என் முதுகிலிருந்து கம்பை எடுத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "அது கொள்ளாம், நல்லதுதான். பத்து நாளா ஞானும் அவனைத்தான் பாக்கறேன். இன்னிக்கு ரெண்டு பேரும் பாத்தாச்சு. நட!"

காய் உலர்த்தும் ஸ்டோர் முன்னால் வேலையாட்கள் பேர் கொடுக்க வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் கம்பளியோடு என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார் பாப்பன். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கணக்குப்பிள்ளை என் சட்டைப் பையில் கையை விட்டு ஆறு காயையும் எடுத்து மேசைமேல் வைத்தார். பைனாகுலரையும் வைத்தார்.

"ஆள் வருதான்னு பாக்க இது, முதலாளி. ஏற்பாடாத்தான் வந்திருக்கான்."

"யாருப்பா நீ?" என்றார் முதலாளி.

"சூப்பர்வைசர் மருமகங்க, போடியில வாத்தியாரு" என்றேன். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். அதுதான் அன்றைக்கு நான் செய்த காரியங்களிலேயே மகா முட்டாள்தனம்.

கணக்குப்பிள்ளை சிரித்தார். "வீட்டு ஆளா! அதான் காய் போற தடம் தெரியல."

அதற்குள் மாமனார் வந்துவிட்டார். என்னைப் பார்த்தார். மேசைமேல் கிடந்த ஆறு காயைப் பார்த்தார். "என் மாப்ளைதான், முதலாளி" என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. என்ன ஏது என்று கேட்கவும் இல்லை. இடுப்பில் சொருகியிருந்த ஸ்டோர் சாவிக்கொத்தை உருவி மேசையில் வைத்தார்.

"சந்தேகம்னு வந்தபெறகு இது என் இடுப்புல இருக்கக் கூடாது."

அந்தச் சாவி மேசையில் பட்ட சத்தம் இருக்கிறதே... பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஒரு பொய்யான பொழுதுபோக்குக்காக ஒரு மனிதரின் இருபது வருஷத்தை மேசைமேல் வைக்கவிட்டேன். "குருவி... குருவி பாக்கத்தாங்க..." என்று குழறினேன். யாரும் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அப்போதுதான் பொன்னுத்தாய் மூச்சிரைக்க மேட்டிலேறி வந்தாள். தோளில் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன குருவிங்க? ஆறுமணிக் குருவியா?"

தலையாட்டினேன்.

"அப்படியொரு குருவி இருக்காம்மா?" என்றார் முதலாளி.

"இருக்குங்க, முதலாளி. வருசா வருசம் அந்தச் சரிவுக்குத்தான் வரும்."

"ஏத்தா, நீ வீட்டுக்குப் போ" என்றார் மாமனார்.

அவள் போகவில்லை. உதட்டைக் குவித்தாள். அத்தனை ஆண்களுக்கு நடுவில், பெற்ற தகப்பன் முன்னால், புதுத் தாலி கழுத்தில் மஞ்சளாகத் தொங்க, சீட்டி அடித்தாள். இரண்டு சுரம்.

ஒன்றும் இல்லை. வரிசையில் யாரோ கனைத்தார்கள். மறுபடி அடித்தாள். அப்போதும் ஒன்றும் இல்லை. அவள் காது சிவந்துவிட்டது. என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டு மூன்றாம் தடவை அடித்தாள். சரிவுக்குள்ளிருந்து, பனிக்கு அடியிலிருந்து, அதே இரண்டு சுரம் பதிலாக வந்தது.

"ஐயோ, இது காவியல்லே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் பாப்பன். (ஆறுமணிக் குருவிக்கு மலையாளத்தில் காவி என்று பெயராம்.) "எடா, காவின்னு சொல்லியிருந்தா ஞான் கட்டன் சாயா கொடுத்து விட்டிருப்பேனே! கள்ளன் கள்ளன்னு நீயே சொன்னா ஞான் எந்து செய்யும்?"

முதலாளி எழுந்தார். சாவிக்கொத்தை எடுத்து, தன் கையாலேயே மாமனாரிடம் நீட்டினார். "பெருமாளு, சொருகு இடுப்புல." பிறகு மேசையைப் பார்த்து, "அது சரி வாத்தியாரே, இந்த ஆறு காய் எதுக்கு?"

"வாய் மணக்கட்டும்னு..." என்றேன்.

"யாருக்காக?"

நான் பொன்னுத்தாயைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். வரிசை முழுக்க எழுந்த சிரிப்பு மலையடிவாரம் வரை கேட்டிருக்கும். மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோளும் குலுங்கியது. அது குளிரால் அல்ல என்று இந்தத் தடவை எனக்குத் தெரிந்திருந்தது.

(உண்மைத் திருடன் அடுத்த மாதம் அகப்பட்டான். ஒரு ஜீப்பின் ஸ்டெப்னி டயருக்குள் காற்றுக்குப் பதில் ஏலக்காய் இருந்தது.)

அன்று சாயங்காலம் சரிவில் நடக்கும்போது கேட்டேன். "உனக்கு எல்லாக் குருவியும் தெரியுமா?"

"பொறந்ததுலயிருந்து இதுகளோடதானே இருக்கேன்."

"அப்ப சைபீரியக் கொக்கு? மொகலாயர் குருவி? ஏன் நீ ஒண்ணுமே சொல்லல?"

"சொல்லியிருந்தா மறு வாரம் கூட்டிட்டுப் போயிருப்பீகளா?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அதோட, நீங்க சொல்லச் சொல்ல ஒரே கண்மாயில புதுசு புதுசாக் குருவி வந்துச்சு. எனக்குப் பிடிச்சிருந்துச்சு" என்றாள்.

ஆறு மணி ஆயிற்று. புதருக்கடியில் அதைக் காட்டினாள். வலது கண்ணால் பார்த்தேன். கொஞ்சம் சாய்வாக, பச்சையும் சிவப்புமாக, புத்தகத்தில் போட்டிருந்ததைவிட அழகாக இருந்தது.

அதன்பின் வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் முதல் சீட்டி கேட்டதும், போடிக்கு இறங்கும் ஜீப் டிரைவரிடம் பாப்பன் சொல்லி அனுப்புவார்: "தோட்டக்கள்ளன் வந்தாச்சு. மத்தவனையும் வரச் சொல்லு." நடு பஸ் ஸ்டாண்டில், என் மாணவர்கள் காதுபட, டிரைவர் அதை அப்படியே என்னிடம் கத்துவார். என் மகள் கல்யாணத்துக்குத் தடியூன்றி வந்த பாப்பன், சம்பந்தியிடம் என்னைக் காட்டி, "ஞான் பிடிச்ச ஏலக்காய்க் கள்ளன் இவன்" என்று பெருமையோடு சொன்னார். சம்பந்தி மரியாதைக்காரர், மறுத்து ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்று பாயசம் பரிமாறியபோது என் இலையை ஒரு மாதிரி பார்த்தார்.

இப்போது எங்கள் வீட்டில் ஏலக்காய் டப்பா மேல்தட்டில் இருக்கிறது. டீயில் தட்டிப் போட ஒரு காய் எடுக்கலாம் என்று நான் ஸ்டூல் போட்டு ஏறினால், அடுத்த அறையிலிருந்து இரண்டு சுரத்தில் சீட்டி கேட்கும். அவளுக்கு இரண்டு பல் விழுந்துவிட்டதால் சுரம் முன்னைப்போலச் சுத்தமாக இல்லை. இருந்தாலும் நான் ஸ்டூலின் மேலேயே நின்று இரண்டு கையையும் தூக்கிவிடுவேன்.