வெடிக்காத ஐந்தாவது வேட்டு

மனசுக்குள் பயத்தைப் பூட்டி வைத்திருப்பவன் வாயைத் திறந்தால் கோபம்தான் வரும். இது எனக்குப் புரிவதற்குள் என் தங்கையின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

கோலார் தங்க வயலுக்குக் கரண்டுக் கம்பி வந்த புதிது. சுரங்கத்தில் எனக்கு வெடி வைக்கும் வேலை. பாறையில் துளை போட்டு, மருந்து திணித்து, திரியைக் கொளுத்திவிட்டு ஓடி ஒளிந்து, வெடிக்கிற சத்தத்தை எண்ண வேண்டும். ஐந்து வைத்து நாலு வெடித்தால் ஒருவரும் உள்ளே போகக் கூடாது. அப்படி வெடிக்காமல் கிடந்த ஒன்று ஒருநாள் என் கூட்டாளியின் கையைக் கொண்டுபோனது. அதோடு என் தூக்கமும் போயிற்று.

இதை யாரிடமாவது சொன்னேனா? (சொன்னால் மீசை உதிர்ந்துவிடுமே!) அதற்குப் பதிலாக எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால்கூடச் சண்டை. மனைவி தேவைக்கு மட்டும் பேசினாள். நாங்கள் குடியிருந்த கூலி லைனில் சீட்டாடுகிற கூட்டம் என் தலையைக் கண்டால் கலைந்தது. எனக்கு மரியாதை கூடிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளையும் சுரங்கத்துக்காரர்தான். ஊர்வலம் வந்துசேரும்போது வெடிக்க, பந்தல் வாசலில் அதிர்வேட்டுக் குழாய்களை வரிசையாக நட்டிருந்தார்கள். ஐந்து என்று எண்ணி வைத்தேன். (பெண்ணுக்கு அண்ணன் பார்க்க வேறு வேலையே இல்லை பாருங்கள்.) நாலு வெடித்தது. ஐந்தாவது வெடிக்கவில்லை. மாப்பிள்ளை பந்தலுக்குள் காலை வைத்தார்.

அப்புறம் நடந்ததைப் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "ஒண்ணு பாக்கி இருக்கு, உள்ள போவாதே" என்று கத்திக்கொண்டே பாய்ந்து, மாப்பிள்ளையைக் கீழே தள்ளி, அவர்மேல் படுத்துக்கொண்டேனாம். எனக்கு நினைவு தெளிந்தபோது தலைப்பாகை ஒரு பக்கம், மாலை ஒரு பக்கம் கிடந்தது. மேளம் நின்றிருந்தது. ஐந்தாவது குழாய் விரிசல் விட்டது, அதில் மருந்தே போடவில்லை என்று வேட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்.

குடிகாரன் வீட்டில் பெண் எடுக்க மாட்டேன் என்று மாப்பிள்ளையின் அப்பா வண்டியைக் கட்டச் சொன்னார். பந்தலுக்குள்ளிருந்து தங்கை என்னைப் பார்த்தாள். வெட்கத்தில் எனக்கு எழுந்திருக்கக்கூடத் தோன்றவில்லை.

மாப்பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. என் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து, "எத்தினி எண்ணுனீங்க மச்சான்?" என்றார்.

"நாலு."

"நானும் நாலுதான் எண்ணுனேன். கால் வைக்க பயமாத்தான் இருந்துச்சு. நாலு பேர் இன்னா சொல்வாங்களோன்னு வச்சேன்."

பிறகு அப்பாவிடம் போய், மச்சான் குடிக்கவில்லை, இன்னும் சுரங்கத்துக்குள்ளேயே இருக்கிறார், அவ்வளவுதான் என்று சொல்லி வண்டியை அவிழ்க்க வைத்தார். தாலி ஏறியது.

அன்றிலிருந்து ஷிப்டு முடிந்ததும் நானும் மாப்பிள்ளையும் புளியமரத்தடியில் உட்கார்ந்து, அன்றன்றைய பயத்தை அன்றன்றைக்கே பேசித் தீர்த்தோம். கொஞ்ச நாளில் தூக்கம் திரும்பியது. சீட்டுக் கூட்டம் திரும்பியது. மனைவியும் பேச ஆரம்பித்தாள் (கொஞ்சம் அதிகமாகவே).

போன மானம்தான் திரும்பவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் வேட்டு ஓய்ந்ததும், அத்தனை கூட்டத்துக்கு நடுவில் மனைவி என்னைக் கேட்பாள்: "இன்னாங்க, கணக்கு சரியா? தாலி கட்டலாமா?"

நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சரி என்று ஆட்டுவேன். பந்தலின் அந்தக் கோடியில், யாரும் கேட்காமலே, என் தங்கை மாப்பிள்ளையும் தலையை ஆட்டுவார்.