நூறு வீதமும் விளங்கின பாடம்

எனக்குப் பதற்றம் வந்தால் முதல்ல இருமல் வரும், பிறகு வியர்வை, கடைசியாத்தான் புத்தி. அது வந்துசேர எல்லாம் முடிஞ்சிருக்கும். (அம்மா இதை "அப்பான்ர பரம்பரை வியாதி" எண்டுவா. அப்பா மறுக்கிறேல்லை.)

ஜேர்மனியில, ஹனோவரில ஒரு பல்கலைக்கழகத்தில வேலை செய்யிறன். யாழ்ப்பாணப் பக்கத்து வளாகம் ஒண்டுக்கு இணையவழிப் பாடத்தளம் செய்துகுடுக்கிற திட்டம். என்ர ஃபெர்த்ராக், அதுதான் வேலை ஒப்பந்தம், முடியப்போகுது. "முதல் பாடத்தைப் பாத்திட்டு நீட்டலாமோ எண்டு சொல்லுறன்" எண்ட ஜேர்மன்காரப் பேராசிரியர், பாடம் நடந்த அண்டைக்கு என்ர பக்கத்திலயே கதிரை போட்டு இருந்திட்டார். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் திரையில பச்சைக்கோடு ஏறினால் நல்லதெண்டு தெரியும்.

அந்தப் பச்சைக்கோடு என்ர கண்டுபிடிப்பு. ஒவ்வொரு பகுதி முடியவும் "விளங்கினதோ?" எண்டு திரையில கேள்வி வரும். பிள்ளைகள் தங்கட பேரோட "ஓம்" அல்லது "இல்லை" அழுத்தவேணும். ஓம் கூடக் கூடக் கோடு ஏறும்.

தொடங்கப்போக இருமல் வந்திட்டுது. மைக்கை நிப்பாட்டி ஆசைதீர இருமினன். பிறகு கடகடவெண்டு படிப்பிக்கத் தொடங்கினன். முதல் கேள்விக்கு எல்லாரும் ஓம். அடுத்ததுக்கும் எல்லாரும் ஓம். பேராசிரியர் "சூப்பர், சூப்பர்" எண்டு தொடையில தட்டினார். ஒருத்தருக்கும் ஒரு சந்தேகமும் வராதோ? நானே படிக்கிற காலத்தில விளங்காமல் அழுத பாடமெல்லோ!

கடைசியில "கேள்விகள் இருக்கோ?" எண்டு திரையில போட்டன். ஒரு பிள்ளை எழுதினாள்: "மிஸ், பாடம் நல்லம். சத்தம் மட்டும் வரேல்லை."

மைக்கைப் பாத்தன். சிவப்பு. கடவுளே! அவசரமாப் போட்டுக் கேட்டன்.

"எப்ப இருந்து பிள்ளை?"

"தொடக்கத்தில இருந்து மிஸ்."

"பிறகேன் எல்லாரும் ஓம் எண்டு அழுத்தினனீங்கள்?"

"இல்லை எண்டால் நீங்கள் குறை நினைப்பியள் எண்டு..."

"என்ன சொல்லுறாள்?" எண்டார் பேராசிரியர். பாராட்டுறாள் எண்டு சொல்ல வாய் உன்னினது. வேலை போனால் என்ன செய்யிறது? ஆனால் இந்தக் கோட்டை நம்பி அதுகள் சோதினைக்குப் போனால்? உள்ளதைச் சொல்லிப்போட்டன்.

அவர் கதிரையை இழுத்துப் பச்சைக்கோட்டைக் கிட்டப் பாத்தார். எனக்குத் திரும்பவும் இருமல்.

"அப்ப அந்தப் பிள்ளைகள் பயமில்லாமல் 'இல்லை' அழுத்த ஒரு வழி செய். ஒரு வருசம் நீட்டினால் காணுமோ?" எண்டார்.

பீலெஃபெல்டில அம்மா அப்பா இருக்கிற வீட்டில, இந்தக் கதையைக் கேட்ட பிறகு, அம்மா நீட்டி முழக்கிப்போட்டு "நான் சொன்னது விளங்கினதோ?" எண்டு கேட்டால், அப்பா போனில இருந்து தலையெடுக்காமலே "ஓம் மிஸ்" எண்டுவார்.

அம்மா முதல்ல இருந்து திரும்பத் தொடங்குவா.